மெர்வ் ஒழித்த மஞ்சள் முக்கோணங்கள்

என் கணவன் மெர்வுக்கு எச்சரிக்கை என்றாலே ஆகாது. ஆபத்து இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அது இருக்கிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. எங்கள் வண்டியில் என்ஜின் விளக்கு சிவப்பாக எரிய ஆரம்பித்தபோது அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டினான். வீட்டுக் கூடத்தில் புகை அலாரம் கத்தியபோது அதன் பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டுக்கொண்டு, இப்போது இரண்டு பிரச்சினையும் தீர்ந்தது என்றான். இப்படிப்பட்டவனை நம்பித்தான் தெற்கு ஆஸ்திரேலியாவின் ரென்மார்க் ஊரில் எங்கள் தெரு முழுவதும் தன் கம்ப்யூட்டர்களை ஒப்படைத்திருக்கிறது.

வேலையில் இருந்த காலம் முழுவதும் அவன் பழத்தோட்டங்களுக்கு ஆற்றுத் தண்ணீர் திறந்துவிட்டு, பிறகு மூடிக்கொண்டிருந்தான். ஓய்வு பெற்றதும் நூலகத்தில் முதியவர்களுக்கு நடத்திய கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனான். போனவன் ஒரே ஒரு பக்கத்தைக் கற்றுக்கொண்டு வந்தான். கம்ப்யூட்டருக்குள் என்னென்ன உறுப்பு இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும் பக்கம் அது. கேமரா, மைக், ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றையும் இயக்க ஒரு சின்ன நிரல் உண்டாம், அதற்கு டிரைவர் என்று பெயராம். டிரைவர் சரியில்லாத உறுப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் ஒன்று வந்து, நடுவில் ஆச்சரியக்குறி நிற்கும். வகுப்பு நடத்திய பெண் நோயைப் பற்றித்தான் சொல்லியிருப்பாள். மெர்வின் காதில் முக்கோணம் மட்டும் விழுந்தது.

அவன் வைத்தியமும் அதற்கேற்றதுதான். எங்கிருந்தோ இலவசமாகக் கிடைக்கும் டிரைவரை இறக்கிப் போடுவான். முக்கோணம் போகாவிட்டால் அந்த உறுப்பையே முடக்கிவிடுவான். முடக்கினால் முக்கோணம் மறைந்து, அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கீழ்நோக்கி ஒரு கறுப்பு அம்பு வரும். அம்பைப் பற்றி நான் ஒருமுறை கேட்டேன். அம்பு என்றால் அந்த உறுப்பு ஓய்வெடுக்கிறது என்று அர்த்தமாம். இப்படி எதிர்வீட்டுக்காரரின் ஸ்பீக்கருக்கு ஓய்வு கொடுத்து இரண்டு வருஷமாகிறது. அவருக்குக் காது மந்தம் என்பதால் விஷயம் இன்னும் அவருக்குத் தெரியாது. என் கம்ப்யூட்டரின் கேமராவும் போன ஈஸ்டரிலிருந்து ஓய்வில்தான் இருக்கிறது.

பார்த்துக் கொடுத்ததற்கு ஒரு பெட்டி பீர் தருவது எங்கள் பக்கத்து வழக்கம். கராஜில் இருக்கும் குளிர்பெட்டியின் கதவு இப்போது மூடுவதில்லை. மெர்வ் அதைத் தன் பட்டச் சான்றிதழ் மாதிரி வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டுவான்.

பக்கத்து வீடு வூலாவுடையது. கிரீஸின் கலிம்னோஸ் தீவிலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் போனபின் தோட்டத்தை விற்றுவிட்டு, வீட்டைச் சுற்றி நாலைந்து ஆரஞ்சு மரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இருக்கிறாள். ஒரே மகன் ஸ்டாவ். அவன் மேற்கே சுரங்கத்தில் வேலை பார்க்கிறான் என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறாள். மகன் ஊர்ப்பக்கம் தலைகாட்டாவிட்டால் இங்கே சொல்வதற்கு இதைவிட வசதியான பதில் கிடையாது. பாதி வீட்டுப் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். விமானத்தில் போகிறார்கள், வருகிறார்கள், யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

ஸ்டாவ் சிறையில் இருந்தான். அடிலெய்டில் ஒரு மதுக்கடை வாசலில் ஒருவனை ஒரே ஒரு குத்து குத்தினான். குத்து வாங்கியவன் பின்னந்தலை நடைபாதையில் மோத விழுந்தான். இன்றுவரை அவனுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. தீர்ப்பு வந்த அன்றைக்கு வூலா என் சமையலறையில் உட்கார்ந்து இதைச் சொன்னாள், யாரிடமும் சொல்லாதே என்றாள். நான் சொல்லவில்லை. மெர்விடம் சொல்வதும் அவன் பந்து உருட்டப் போகும் பவுல்ஸ் கிளப் பலகையில் எழுதி ஒட்டுவதும் ஒன்றுதான் என்பதால் அவனிடம் மூச்சுகூட விடவில்லை.

சிறைக்குப் போனதிலிருந்து ஸ்டாவ் அம்மாவைப் பார்க்கச் சம்மதிக்கவில்லை. வெட்கம். அவள் எத்தனை முறை கேட்டு அனுப்பினாலும் முடியாது என்றே பதில் வந்தது. அப்புறம் போன மாதம் அங்கிருக்கும் ஒரு பெண் அதிகாரி வூலாவுக்குப் போன் செய்து, நேரில் வேண்டாமாம், திரையில் என்றால் பேசுகிறானாம் என்றாள். சனிக்கிழமை காலை பத்து மணி என்று முடிவானது. வூலாவின் லேப்டாப்பைப் பதிவு செய்துகொண்டார்கள். அதிலிருந்துதான் பேச வேண்டும், போன் ஆகாது. சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் கொஞ்சம் பார்த்துவிட்டு ரத்து செய்துவிடுவார்கள்.

வூலா இதைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அவன் வந்து உக்காந்து, எதிர்ல நான் இல்லேன்னு வெச்சுக்கோ. என்ன நெனப்பான்? அம்மாவும் கைகழுவிட்டாள்னு நெனப்பான். அப்புறம் இந்த ஜென்மத்துல என் மூஞ்சியில முழிக்க மாட்டான் கிளெனிஸ்."

வியாழக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஒத்திகை பார்த்தோம். நான் என் வீட்டிலிருந்து போனில் அவள் லேப்டாப்பை வீடியோவில் கூப்பிட்டேன். வூலாவின் முகம் தெரிந்தது, குரல் கேட்டது, பின்னால் அவள் புருஷன் படம்கூடத் தெளிவாக இருந்தது. எல்லாம் சரி என்று திரும்பி அவள் வீட்டுக்குப் போனால், அவள் எதையோ தட்டி அந்தப் பாழாய்ப்போன பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கிறாள். கடைசி வரியில் பெயர் தெரியாத சாதனம் என்று ஒன்று, பக்கத்தில் மஞ்சள் முக்கோணம்.

"டிரைவர் இல்லேன்னு போட்டிருக்கு. எனக்குக் கார் ஓட்டத் தெரியாதுன்னு இதுக்கு யார் சொன்னாங்க?" என்றாள்.

அது விரல்ரேகை பார்க்கும் சில்லாகவோ என்னவோ இருக்கும், நீ வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டதே இல்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும், மூடி வை என்றேன். அவளும் மூடப் போனாள். அந்த நேரம் பார்த்து மெர்வ் அவளிடம் இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தான். ஏணியை அவன் வாங்கிப் போய் எட்டு மாதமாகிறது. எத்தனையோ நாள் இருக்க, அன்றைக்குத்தான் அவனுக்கு நாணயம் பொத்துக்கொண்டு வந்தது.

ஆட்டைப் பார்த்த நாய் போல அப்படியே நின்றான். ஏணியைச் சுவரில் சாய்த்தான். லேப்டாப்பை மூடி அக்குளில் வைத்துக்கொண்டான். வேண்டாம், அது நன்றாகத்தான் ஓடுகிறது என்று நான் சொன்னேன். வூலாவும் பரவாயில்லை என்றாள், ஆனால் பரவாயில்லை என்பதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. எங்கள் தெருவில் ஒருவன் உதவுகிறேன் என்று கையை நீட்டினால் அதைத் தட்டிவிடுவது அவன் நாயை உதைப்பதற்குச் சமம். அதற்கு மேல் மறுத்தால், அப்படி என்ன அவசரம் என்று கேட்பான். சனிக்கிழமை காலையில் புதுசு மாதிரி கொண்டுவந்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவன் கராஜைவிட்டு வெளியே வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது ரேடியோவில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது, திரையில் ஏதோ ஒரு இலவச நிரல் பச்சையும் சிவப்புமாக மின்னிக்கொண்டிருந்தது. வூலாவின் கம்ப்யூட்டரில் ஏகப்பட்ட டிரைவர்கள் காலாவதியாகிவிட்டன என்று அது கண்டுபிடித்ததாம். அத்தனையையும் மாற்றிக்கொண்டிருந்தான். நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது என்றேன்.

"ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. உள்ளுக்குள்ள அதுக்கு எவ்வளவு கஷ்டம்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

பிடுங்கிக்கொண்டு போய்விடலாமா என்று பார்த்தேன். வேலை நடக்கும்போது அணைக்காதீர்கள் என்று திரையில் எழுதியிருந்தது. உலகத்தில் எத்தனையோ எச்சரிக்கைகளை மிதித்துப் போட்டவன், அந்த ஒன்றுக்கு மட்டும் கட்டுப்பட்டு மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அறிவு இல்லாதவனோடு வாழலாம், பழகிவிடும். அறிவு இருக்கிறது என்று நம்புகிற அறிவில்லாதவனோடு வாழ்வது வேறு. பல்லைக் கடித்துக் கடித்து எனக்கு இடதுபக்கம் இரண்டு பல் போய்விட்டது.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மேல்தான் அவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். நான் வீட்டுச் செருப்போடு பின்னாலேயே போனேன். வூலா கறுப்பை விட்டு நீல உடை உடுத்தியிருந்தாள். புருஷன் போன நாளிலிருந்து அவளை நான் கறுப்பைத் தவிர வேறு நிறத்தில் பார்த்ததில்லை. உதட்டுச் சாயம்கூடப் பூசியிருந்தாள். மேஜை மேல் எள் தூவிய பிஸ்கட்டைத் தட்டு நிறைய அடுக்கி வைத்திருந்தாள், திரைக்கு அந்தப் பக்கம் எடுத்துக் கொடுக்க முடியும் என்பது போல. மெர்வ் இதெல்லாம் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு இரண்டு பிஸ்கட்டை ஒன்றாக வாயில் திணித்தான்.

பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினான். மேலிருந்து கீழே ஒரு முக்கோணம் இல்லை. திருஷ்டி கழித்ததுபோல் சுத்தமாக இருந்தது.

"ஒரு மஞ்சள் கிடையாது, பாத்துக்க," என்றான்.

நான் கேமராவைத் திறக்கச் சொன்னேன். திறந்தாள். கேமரா எதுவும் இல்லை என்று வந்தது. மைக்கும் இல்லை. நான் மெர்வைப் பார்த்தேன். அவன் அசரவில்லை. புது டிரைவர்களைப் போட்டதும் அந்த இரண்டுக்கும் புதிதாக முக்கோணம் வந்துவிட்டதாம், அதனால் இரண்டையும் முடக்கிவிட்டானாம். வயதான பெண்களுக்குக் கேமரா எதற்கு, எவனாவது உள்ளே புகுந்து வேவு பார்ப்பான் என்று விளக்கம் வேறு. விரல்ரேகைச் சில்லையும் விட்டுவைக்கவில்லை. ஆக, ஓடாத ஒன்றைச் சரி செய்யப் போய், ஓடிய இரண்டையும் கொன்று, மூன்றையும் ஒன்றாகப் புதைத்துவிட்டு, கல்லறை சுத்தமாக இருக்கிறது என்று நம்மைக் கூட்டிவந்து காட்டுகிறான்.

எல்லாவற்றையும் பழையபடி ஆக்கு, இப்போதே ஆக்கு என்றேன். ஏன் என்றான். அவள் ஊரில் இருக்கும் தங்கையோடு பேச வேண்டும் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். மெர்வ் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான். கிரீஸில் இப்போது நடுநிசி தாண்டியிருக்குமே, எந்தத் தங்கை இந்நேரத்துக்கு விழித்துக்கொண்டிருப்பாள் என்றான். தேவையில்லாத இடத்தில் மட்டும் அவனுக்கு மூளை வேலை செய்யும்.

வூலா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஸ்டாவ் பேசறேன்னு சொல்லியிருக்கான் மெர்வ். பத்து மணிக்கு. எனக்கு அந்த மஞ்சள் முக்கோணம் இருந்துட்டுப் போகட்டும். அதோட சேர்த்து என் கேமராவையும் திருப்பிக் குடுத்துடு."

மெர்வ் மென்றுகொண்டிருந்த பிஸ்கட்டை விழுங்கினான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தான். முடக்கிய மூன்றையும் எழுப்பினான், மூன்று முக்கோணமும் எழுந்து வந்தன. முந்தைய டிரைவருக்குத் திரும்பு என்று ஒரு பொத்தான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க அவன் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. கேமராவுக்கு ஒரு தடவை, மைக்குக்கு ஒரு தடவை அழுத்தினான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டும் என்றது. போட்டான். திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன.

கடிகாரத்தில் பத்து அடித்தது. புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. வூலா வாய்க்குள் தன் மொழியில் எதையோ முணுமுணுத்தாள், பிரார்த்தனையா வசவா என்று தெரியவில்லை. நான் மெர்வின் பின்னங்கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கழுத்தின் மேல் எனக்கு எவ்வளவு வெறுப்பு இருந்தது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இந்த ஒரு ஆளின் முக்கோண வெறியால் ஒரு தாயும் பிள்ளையும் பிரிந்துபோகப் போகிறார்கள், இவன் அதைக்கூட அறியாமல் போய் கிளப்பில் பந்து உருட்டுவான்.

திரை வந்தது. வூலா அந்தப் பெண் அதிகாரி கொடுத்திருந்த எண்களைத் தட்டினாள். காத்திருக்கவும் என்று வந்தது, ரத்து என்று வரவில்லை. நான் மெர்வின் தோளைத் தட்டி, வா போகலாம் என்றேன். சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். இன்னொரு முறை, கொஞ்சம் பலமாகவே தட்டினேன். அதற்குள் படம் வந்துவிட்டது.

ஸ்டாவ் உட்கார்ந்திருந்தான். தலை மொட்டை, உடம்பு பாதியாகியிருந்தது. பச்சைச் சட்டை. பின்சுவரில், உரையாடல் பதிவு செய்யப்படும் என்று பெரிய எழுத்தில் பலகை. ஓரத்தில் ஒரு காவலரின் முழங்கையும் இடுப்புச் சாவிக்கொத்தும் தெரிந்தன. இது என்ன இடம் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். வூலா திரையை மறைக்கப் போவதுபோல் கையைத் தூக்கினாள், மறைத்தால் மகனும் மறைந்துவிடுவான் என்று பாதியில் நிறுத்தினாள்.

அங்கே ஸ்டாவ் முதலில் பார்த்தது அம்மாவை இல்லை, மெர்வைத்தான். அவன் முகம் அப்படியே இறுகிப்போனது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்திருக்கப் போனான்.

மெர்வ் கேமராவுக்குள் மூக்கை நுழைப்பதுபோல் குனிந்தான். "ஸ்டாவ், நான் பேசறது கேக்குதாப்பா?"

பாதி எழுந்தவன் அப்படியே நின்றான். கேட்கிறது என்றான்.

"அங்க எப்படி, சுரங்கத்துல வெயில் கொளுத்துதா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு மனிதன் இவ்வளவு மடையனாக இருக்க முடியுமா என்று யாராவது கேட்டால் கூட்டிப்போய்க் காட்டலாம், அப்படி ஒரு கேள்வி. கண்ணைத் திறந்தபோது ஸ்டாவ் தன் பச்சைச் சட்டையைக் குனிந்து பார்த்தான், பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"வெயில்தான்," என்றான் மெதுவாக. "நேத்து தாங்க முடியல."

"தண்ணியை நல்லாக் குடி. கம்பெனிச் சட்டையா? பச்சை உனக்கு எடுப்பா இருக்கு. சரி, அம்மாகிட்ட பேசு, ரொம்ப நேரமாக் காத்துக்கிட்டு இருக்கா. உன் அம்மா கேமராவைச் சரி பண்ணினது நான்தான், ஊருக்கு வந்தா ஒரு பெட்டி வாங்கிட்டு வா."

ஸ்டாவ் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தான். வூலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அம்மா என்றதும் அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், எல்லாம் அவர்கள் மொழியில். நான் மெர்வைச் சட்டைக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

வாசலில் வந்ததும் அடக்கிவைத்ததையெல்லாம் கொட்டினேன். நீ செய்த வேலைக்கு அந்தப் பெண் இன்றைக்குச் செத்தே போயிருப்பாள் என்றேன். உன் விரலைக் கட்டிப்போட வேண்டும் என்றேன். எதிரில் இருப்பது என்னவென்றுகூடத் தெரியாமல் சுரங்கத்தில் வெயிலா என்று கேட்கிறாயே, கண்ணையும் முடக்கிப் போட்டுவிட்டாயா என்றேன். அவன் ஆரஞ்சு மரத்தடியில் நின்று, விழுந்து கிடந்த பழம் ஒன்றைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தான்.

"அவனுக்கு இன்னும் எவ்வளவு நாள் பாக்கி?" என்றான்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பேப்பர்ல வந்துச்சே. தீர்ப்பு வந்த மறுநாள் காலையில, ஏழாம் பக்கத்துல, படத்தோட. இப்போ யார் வீட்டுக்குப் பேப்பர் வாங்கறா? கிளப் பேப்பர்ல யாரும் பாக்கறதுக்கு முன்னால அந்தப் பக்கத்தைக் கிழிச்சேன். அப்புறம் மருந்துக்கடையில, முடிவெட்டற கடையில, லைப்ரரியில. லைப்ரரியில பாத்துட்டாங்க. இனிமே உள்ள வராதேன்னுட்டாங்க."

நூலகத்துக்கு ஏன் போவதில்லை என்று நான் அவனைக் கேட்டதே இல்லை. படிப்பு ஏறாதவன் எதற்குப் போகப்போகிறான் என்று இருந்துவிட்டேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உனக்குத் தெரிஞ்சா நீ வூலாவைப் பாத்து மூஞ்சியப் பாவமா வெச்சுக்குவ. உன் மூஞ்சி எதையும் மறைக்காது கிளெனிஸ். ஊருக்கே தெரிஞ்சுருச்சுன்னு அவ நெனச்சுக்குவா."

நாங்கள் எங்கள் வாசல்வரை நடந்தோம். எனக்கு ஆத்திரமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்த ஆளை நான் ஒரு குறையும் இல்லாமல் இகழ்ந்து வந்திருக்கிறேன். காலையில் எழுந்தால் அதுதான் எனக்குத் தெம்பு. அவன் எதைத் தொட்டாலும் கெட்டுப்போகும் என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், கடைசியில் என்னுடைய அந்த இகழ்ச்சியையும் தொட்டுக் கெடுத்துவிட்டான். அவனை ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவன் பார்ப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவன் பார்க்கவும் இல்லை. கதவுக் கொண்டியை நீக்கியபடி, "அந்தச் சில்லோட முக்கோணம் மட்டும் திரும்ப வந்து அங்கேயேதான் உக்காந்திருக்கு. அதை அப்படியே விட்டா எனக்குத் தூக்கம் வராது. நாளைக்குக் காலையில போய் ஒரு தட்டு தட்டிட்டு வந்துடறேன்," என்றான்.

அந்த வீட்டுப் படியில் கால் வைத்தால் இரண்டு கையையும் உடைத்துவிடுவேன் என்றேன். எப்போதும் சொல்கிற மாதிரிதான் சொன்னேன், ஆனால் குரல் பாதியில் உடைந்து, கடைசி வார்த்தை வெளியே வரவில்லை.